ரோஜர் ஆங்கர்

ரோஜர் ஆங்கர் (24 மார்ச் 1923 – 15 ஜனவரி 2008) பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர். ஆரோவில்லின் தலைமைக் கட்டடக் கலைஞர். விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், திண்டிவனம்–புதுச்சேரி நெடுஞ்சாலைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் இடைப்பட்ட செம்மண் மேட்டில் அமைந்த அந்நகரின் வரைபடம், அதன் முதல் பள்ளிக் கட்டடங்கள், தியான மண்டபமான மாத்ரிமந்திர் ஆகியவை இவருடைய முக்கியப் படைப்புகள்.

பாரிஸ் பணிகள்

பாரிஸில் பிறந்த ஆங்கர் அங்குள்ள நுண்கலைக் கல்லூரியில் கட்டடக்கலை பயின்று, 1950களில் சொந்த அலுவலகம் தொடங்கினார். போருக்குப் பிந்தைய பிரான்சில் வீட்டுப் பஞ்சம் கடுமையாக இருந்ததால் அடுக்குமாடிக் குடியிருப்புகள் கட்டும் வேலை நிறையக் கிடைத்தது. மலிவாகவும் விரைவாகவும் கட்டவேண்டிய அந்தக் கட்டடங்களில் பால்கனிகளை முன்னும் பின்னுமாகத் தள்ளி அமைத்து, முகப்பைச் சிற்பம்போல் ஆக்குவது இவருடைய பாணி. பியேர் புச்சினெல்லியுடன் சேர்ந்து கிரெனோபிள் நகரில் 1960களில் கட்டிய மூன்று கோபுரங்கள் ஏறத்தாழ 100 மீட்டர் உயரமுடையவை; அக்காலத்தில் ஐரோப்பாவின் மிக உயரமான குடியிருப்புகளில் அவையும் அடங்கும்.

ஆரோவில் திட்டம்

புதுச்சேரி ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் அன்னை, தாம் எண்ணியிருந்த நகரை வடிவமைக்கும் பொறுப்பை 1965-இல் ஆங்கரிடம் ஒப்படைத்தார். 28 பிப்ரவரி 1968 அன்று, அப்போதைய தென்னாற்காடு மாவட்டத்தின் இந்தச் செம்மண் மேட்டில், 124 நாடுகளிலிருந்து வந்த மண்ணைத் தாமரை மொட்டு வடிவத் தாழியில் இட்டு நகரம் தொடங்கப்பட்டது. மழைநீர் அரித்த பள்ளங்கள் நிறைந்த அங்கே, பனைகள், ஓர் ஆலமரம் தவிர அப்போது பசுமை குறைவு.

பல மாதிரிகளை ஆராய்ந்தபின் ஆங்கர் முன்வைத்தது, சுழலும் விண்மீன் மண்டலத்தை ஒத்த வட்ட வடிவம். நடுவில் மாத்ரிமந்திர், அதைச் சுற்றித் தொழில், பண்பாடு, குடியிருப்பு, பன்னாட்டு மண்டலங்கள், நான்கையும் இணைக்கும் வட்டச் சாலை, வெளியே பசுமை வளையம். நகரின் இலக்கு மக்கள்தொகை 50,000.

பள்ளிகள்

பெருநகரைக் கட்டுமுன் சிறிய அளவில் சோதித்துப் பார்க்க, குயிலாப்பாளையம் கிராமத்தை ஒட்டி ‘ஆரோமாடல்’ என்ற பகுதி ஒதுக்கப்பட்டது. வீடுகளோடு பள்ளிகளும் அங்கு எழுந்தன. ‘லாஸ்ட் ஸ்கூல்’, ‘ஆஃப்டர் ஸ்கூல்’, ‘நோ ஸ்கூல்’ என்ற அவற்றின் பெயர்கள் அன்னை இட்டவை. தேர்வையும் சான்றிதழையும் குறியாகக் கொள்ளாத கல்வியே அவர் விரும்பியது.

அப்படிப்பட்ட கல்விக்கு வரிசையாகப் பெஞ்சு போட்ட செவ்வக அறை பொருந்தாது என்ற நிலையிலிருந்தே ஆங்கரின் வடிவமைப்பு தொடங்குகிறது. 1970களின் தொடக்கத்தில் எழுந்த ‘லாஸ்ட் ஸ்கூல்’ வெள்ளைக் கான்கிரீட்டில் வார்த்த சிற்பம் போன்றது. சுவர்கள் சாய்ந்தும் மடிந்தும் செல்கின்றன. வெயில் நேராக உள்ளே விழாமல், மேலே உள்ள திறப்புகளின் வழியே சுவரில் பட்டு மென்மையாக இறங்குகிறது. இத்தகைய சாய்வுகளுக்குச் சென்ட்ரிங் பலகையை ஒவ்வொரு கோணத்துக்கும் தனித்தனியாக அறுத்துப் பொருத்தவேண்டும். ஆகவே வேலை மெதுவாக நடக்கும், செலவும் கூடும். ஆரோவில்லின் பிற்காலக் கட்டடங்கள் பலவும் அமுக்கப்பட்ட மண் கற்கள் போன்ற எளிய முறைகளை நாடின. ஆங்கரின் பள்ளி வடிவங்கள் தனித்தே நின்றுவிட்டன.

மாத்ரிமந்திர்

உள்ளறை எப்படி இருக்கவேண்டும் என்பதை 1970-இல் அன்னையே விவரித்தார்: பன்னிரண்டு தூண்கள், நடுவில் பளிங்குக் கோளம், அதன்மேல் விழும் ஒற்றைச் சூரியக் கதிர். அதைச் சூழும் சற்றே தட்டையான கோளத்தையும் பொன் தகடு பதித்த வட்டுகளையும் பன்னிரண்டு இதழ்களையும் ஆங்கர் வடிவமைத்தார். 21 பிப்ரவரி 1971 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. ஆரோவில்வாசிகளும் சுற்றுவட்டார ஊர்மக்களும் கட்டுமானத்தில் உழைத்தனர். கோளத்தின் விட்டம் ஏறத்தாழ 36 மீட்டர், உள்ளே உள்ள பளிங்கு 70 சென்டிமீட்டர். சூரியனைப் பின்தொடரும் கண்ணாடி ஒன்று கூரை வழியே ஒளியை உள்ளே அனுப்புகிறது.

பிற்காலம்

அன்னை 17 நவம்பர் 1973-இல் மறைந்தார். நகரின் நிர்வாகம் யாருக்கு உரியது என்ற பூசல் தொடர்ந்தது. அதற்குத் தீர்வாக 1988-இல் நாடாளுமன்றம் ஆரோவில் அறக்கட்டளைச் சட்டத்தை இயற்றியது. இடையில் விலகியிருந்த ஆங்கர் திரும்பிவந்து திட்டமிடலில் ஈடுபட்டார். அவருடைய வடிவத்தை அடிப்படையாகக் கொண்ட பெருந்திட்டத்தை 2001-இல் மத்திய அரசு ஏற்றது. அவர் இறந்த 2008-ஆம் ஆண்டிலேயே மாத்ரிமந்திர் கட்டுமானம் நிறைவடைந்தது.

மதிப்பீடு

வெற்று மேட்டுக்கென வரைந்த வட்டங்கள் இன்று காட்டின்மேல் கிடக்கின்றன. குடியேறியவர்கள் நட்ட லட்சக்கணக்கான மரங்கள் அதற்குள் வளர்ந்துவிட்டன. வட்டச் சாலைக்காக 2021 டிசம்பரில் மரங்களை அகற்றியபோது வரைபடத்தை அப்படியே நிறைவேற்றுவதா, நிலத்துக்கேற்ப மாற்றுவதா என்று ஆரோவில்வாசிகள் பிளவுபட்டனர். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022-இல் பணிகளைக் கட்டுப்படுத்தியது. அந்த ஆணையை உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் நீக்கியது. ஐம்பதாயிரம் பேருக்கான நகரில் இப்போது வசிப்பவர்கள் மூவாயிரத்துச் சொச்சம். கட்டி முடித்தவற்றைவிடக் கட்டப்படாத திட்டத்தால் அதிகம் விவாதிக்கப்படும் கட்டடக் கலைஞர்களுள் ஒருவராக ஆங்கர் இருக்கிறார்.