டார்க் ரெஞ்ச்: ரைஃபிள் பூட்டுதலும் ஸ்கோப் பொருத்துதலும்

டார்க் ரெஞ்ச் என்பது திருகையோ நட்டையோ குறிப்பிட்ட முறுக்குவிசைக்கு இறுக்க உதவும் கருவி. ரைஃபிளின் பாகங்களைப் பூட்டவும் அதன்மேல் ஸ்கோப்பைப் பொருத்தவும் இது பயன்படுகிறது. அமெரிக்கத் துப்பாக்கித் தொழிலில் அளவுகளை அங்குல-பவுண்டில் சொல்வது வழக்கம். ஓர் அங்குல-பவுண்ட் 0.113 நியூட்டன் மீட்டர். 12 அங்குல-பவுண்ட் ஓர் அடி-பவுண்ட். இவ்விரண்டையும் மாற்றிப் படித்தவர் கையில் சிறு திருகு முறியாமல் தப்பாது.

ஸ்கோப்பின் உடல் பெரும்பாலும் அலுமினியக் குழாய், விட்டம் 25.4, 30 அல்லது 34 மி.மீ. அதைக் கவ்வும் வளையங்களின் மூடித் திருகுகளுக்கு 15 முதல் 18 அங்குல-பவுண்ட், அதாவது சுமார் 2 நியூட்டன் மீட்டரே போதும். சாதாரண ஆலன் கீயால் இதைத் தாண்டிவிடுவது மிக எளிது. தாண்டினால் குழாய் நசுங்கும்; உள்ளே குறியைத் திருத்தும் பாகங்கள் சீராக நகரா, உருப்பெருக்க வளையம் இறுகிப்போகும். குறைந்தாலோ, சுடும்போது எழும் பின்னுதைப்பில் ஸ்கோப் வழுக்கி, குறி தப்பும்.

ரெஞ்ச் காட்டும் எண் நேரடியாகப் பிடிப்பின் அளவு அன்று. கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு திருகுத் தலையின் அடியிலும் மரைகளிலும் உள்ள உராய்வுக்கே போய்விடுகிறது. எனவே எண்ணெய் பட்ட திருகு, உலர்ந்த திருகைவிட அதே எண்ணில் கூடுதலாக இறுகும். மரையில் தடவும் பூட்டுப் பசையும் ஈரமாக இருக்கையில் இப்படியே செய்யும். தயாரிப்பாளர் சொன்ன எண் உலர்ந்த மரைக்கா என்று பார்த்துக்கொள்வது அவசியம். ஸ்கோப் நிறுவனமும் வளைய நிறுவனமும் வெவ்வேறு எண் சொன்னால் குறைந்ததையே எடுக்க வேண்டும்.

துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று உறுதி செய்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். மூடித் திருகுகளை மூலைக்கு மூலை மாற்றி, சிறிது சிறிதாக ஏற்ற வேண்டும். வளையத்துக்கும் மூடிக்கும் இடையே இருபுற இடைவெளியும் சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கத்தை முதலில் இறுக்கினால் ஸ்கோப்பே சுழன்று, உள்ளிருக்கும் குறுக்குக்கோடு சாய்ந்துவிடும். கிளிக் வகை ரெஞ்சானால், கிளிக் சத்தம் கேட்டதும் கையை நிறுத்த வேண்டும்; அதன்பின் இழுப்பதெல்லாம் கூடுதல் இறுக்கமே.

போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளைக் கட்டையோடு பிணைக்கும் திருகுகளுக்கு, மரக்கட்டையானால் 40 முதல் 45 அங்குல-பவுண்டும், அலுமினியத் தாங்கல் உள்ள கட்டையானால் 65 வரையும் பொதுவாகச் சொல்லப்படுகின்றன. மரம் அமுங்கும் என்பதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம்.

ஏஆர்-15 வகை ரைஃபிளின் குழல் நட்டு இவற்றோடு சேராதது. அதற்கு 30 முதல் 80 அடி-பவுண்ட் வேண்டும். மரையில் கிரீஸ் தடவி, இறுக்கித் தளர்த்தி மீண்டும் இறுக்குவார்கள்; வாயுக் குழாய் நுழையும் வழி நேர்கோட்டில் வரும்வரை அந்த எல்லைக்குள் திருப்புவார்கள். இதற்குத் தனிப் பெரிய ரெஞ்ச் தேவை.

கைக்கருவிகளுக்கான ஐஎஸ்ஓ 6789 தரம், 10 நியூட்டன் மீட்டருக்கு மேற்படாத கிளிக் வகை ரெஞ்சுக்கு 6 விழுக்காடு வரை பிழையை அனுமதிக்கிறது. வேலை முடிந்ததும் கிளிக் ரெஞ்சை அதன் மிகக் குறைந்த அளவுக்குத் தளர்த்தி வையுங்கள். 12 மாதத்துக்கு ஒருமுறை அல்லது 5,000 முறை பயன்படுத்தியதும் அளவு சரிபார்க்கக் கொடுங்கள்.