தேய்ந்தது காபன், தேயாதது செலவு

சின்ன வயதில் உடைந்த விளையாட்டுக் காரைக் கழற்றிப் பார்க்காத ஆக்கள் எங்களில் குறைவு. உள்ளுக்குள் இருக்கிற குட்டி மோட்டரின் பின்மூடியைக் கிளப்பினால், செப்புப் பதித்த ஓர் உருளையை இரண்டு பக்கமும் இரண்டு துண்டுகள் அழுத்திப் பிடித்திருக்கும். பாடப்புத்தகத்தில் அது தூரிகை. மோட்டர் திருத்துறவரிடம் கேட்டால் காபன். ரேடியோவால் ஓட்டும் கார்ப் பந்தயத்தின் கதையை அந்தத் தூரிகையை வைத்தே சொல்லிவிடலாம். கார்கள் எப்படி வேகமாயின எண்டதை விட, பந்தயத்துக்கு வர ஆருக்கு வசதி இருந்தது எண்ட கதையாகத்தான் நான் அதைப் பார்க்கிறேன்.

அமெரிக்காவில் இந்தப் பந்தயங்களை ஒழுங்குபடுத்தும் ரோர் அமைப்பு 1967இலேயே தொடங்கிவிட்டது. ஆனால் மின்சாரக் காரை வீடுகளுக்குள் கொண்டுவந்ததில் யப்பானின் தமியா நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதன் முதல் ரேடியோ கார், போர்ஷே 934, 1976இல் வந்தது. 1984இல் அமெரிக்காவின் அசோசியேட்டட் நிறுவனம் பந்தயத்துக்கெண்டே ஆர்சி10ஐ வெளியிட்டது. இந்தக் காலத்துக் கார்களில் பரவலாக இருந்தது 540 எனப்படும், ஏறத்தாழ 36 மில்லிமீற்றர் விட்டமுள்ள தூரிகை மோட்டர்.

அதன் வேலை எளிது. வெளிக்கூட்டில் காந்தம், நடுவில் சுழலும் கம்பிச் சுருள். சுழலும் சுருளுக்கு மின்சாரம் கொடுக்கத்தான் தூரிகை. கம்பிச் சுற்று குறைந்தால் வேகம் கூடும், பற்றரியும் கெதியாக முடியும். அதனால் காசுப் போட்டியைக் கட்டுப்படுத்த 'ஸ்டொக்' பிரிவு எண்டு ஒன்றை வைத்தார்கள். அதில் எல்லாருக்கும் ஒரே 27 சுற்று.

கேட்க நியாயமாக இருக்கும். நடந்ததோ வேறு. தூரிகை உரசும்போது பொறி பறக்கும், செப்பு உருளை கருகிப் பள்ளமாகும். அதைச் சின்னக் கடைசல் இயந்திரத்தில் வைத்து மெல்லிசாகச் சீவ வேணும். புதுத் தூரிகை போட வேணும், ஸ்பிரிங்கை மாற்ற வேணும். சீவச் சீவ உருளை மெலிந்து, கடைசியில் சுருளையே எறிய வேண்டி வரும். மோட்டர் மலிவுதான். ஆனால் கடைசல் இயந்திரமும் நாலைந்து மோட்டரும் வைத்திருந்தவருக்கும், ஒரே மோட்டரோடு வந்த பெடியனுக்கும் இடையில் 'ஒரே 27 சுற்று' எண்ட விதி காகிதத்தில் மட்டும்தான் சமமாக இருந்தது.

இதில் எங்கட நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. தூரிகை செய்ய உதவும் காரீயத்துக்கு கஹட்டகஹ, போகல சுரங்கங்கள் நெடுங்காலமாகப் பேர் போனவை.

தூரிகை இல்லாத மோட்டர் ஒண்டும் புது யோசனை இல்லை. திசைமாற்றும் வேலையை மின்னணுப் பாகங்களிடம் கொடுக்கலாம் எண்டு 1962இலேயே அமெரிக்காவில் ஆய்வுக் கட்டுரை வந்துவிட்டது. பிறகு 1980களில் யப்பானிலும் அமெரிக்காவிலும் நியோடிமியம் காந்தம் உருவானது. சின்ன அளவில் பெரிய வலு கிடைத்தது. 2000களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் நோவாக் நிறுவனம் இந்தக் கார்களுக்கெண்டே தூரிகையில்லா மோட்டரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இதில் காந்தம் சுழலும், சுருள் அசையாது. உரசல் இல்லை, சீவல் இல்லை.

"மச்சான், ஒருக்கா வாங்கினால் செலவு முடிஞ்சுது" எண்ட கதை அப்போதுதான் தொடங்குகிறது. பாதி உண்மை. பராமரிப்புச் செலவு உண்மையிலேயே விழுந்தது. ஆனால் பழைய மோட்டருக்கு இரண்டு வயர், இதற்கு மூன்று. ஆகவே பழைய வேகக் கட்டுப்படுத்தி உதவாது, புதிது வேணும். வலு கூடியதால் பிளாஸ்ரிக் பல்சக்கரம் உடைந்தது, மலிவுக் கார்களில் வரும் பிளாஸ்ரிக் புஷ்களுக்குப் பதில் பெயாரிங் தேவைப்பட்டது. அதே காலத்தில் லிதியம் பற்றரியும் வந்ததால் புதுச் சார்ஜரும் வாங்க வேண்டியிருந்தது. மோட்டரின் விலையை மட்டும் பார்த்து இறங்கியவருக்கு முழுக் கணக்கு பிறகுதான் விளங்கியது.

பந்தயத்திலும் பழைய நோய் புது உருவில் வந்தது. 'ஸ்டொக்' எண்டால் 17.5 சுற்று எண்டு பல இடங்களில் வைத்தார்கள். உடனே கட்டுப்படுத்தியின் மென்பொருளால் அதே மோட்டரை இன்னும் வேகமாகச் சுழற்றும் வழி வந்தது. கடைசல் இயந்திரத்தின் இடத்தை மென்பொருள் பிடித்தது. அதைத் தடுக்க இன்னொரு விதி: அந்த வசதியை நிறுத்தியிருந்தால் கட்டுப்படுத்தியில் ஒரு விளக்கு மினுங்க வேணும், நடுவர் அதைப் பார்த்துத்தான் விடுவார்.

ஆக, ஒரு தொழில்நுட்பம் தானாகவே ஒரு விளையாட்டை மலிவாக்காது. மிச்சம்பிடித்த காசு அடுத்த வேகத்துக்குப் போய்விடும். செலவை உண்மையில் அடக்கியது விதிதான். சில போட்டிகளில் ஏற்பாட்டாளரே எல்லாருக்கும் ஒரே வகை மோட்டரை அங்கேயே கையில் கொடுப்பார்கள். சில கழகங்கள் தமியா பெட்டியோடு வரும் பழைய வெள்ளிக்கூட்டுத் தூரிகை மோட்டரை மட்டும் அனுமதிக்கின்றன. அங்கே வேகம் குறைவு, ஆனால் வெல்லுறது ஓட்டுற கை.

புதிதாகத் தொடங்க நினைக்கிறவருக்கு நான் சொல்லக்கூடியது ஒண்டுதான். முதலில் நீங்கள் ஓடப்போற இடத்தின் விதியைக் கேளுங்கோ. மோட்டரைப் பிறகு வாங்கலாம். மாற்றத்தான் வேணும் எண்டால், இரண்டு வகை மோட்டரையும் ஓட்டக்கூடிய கட்டுப்படுத்தியாகப் பார்த்து வாங்குங்கோ. மிச்சத்தைக் காசு வரும்போது செய்யலாம்.