முட்டுமணலின் வரலாறு

பாறையைப் பிளப்பது ஒரு வினை. பிளந்த வாயை மூடாது நிறுத்துவது மற்றொரு வினை. எண்ணெய்க் கிணறுகளின் வரலாற்றை எழுதினோர் பெரும்பாலும் முதல் வினையையே விரித்துரைத்தனர். பெரும் பொறிகளும் அவற்றின் அழுத்தமும் கண்ணுக்குப் புலனாவன. ஆதலின் அவை புகழ் பெற்றன. பிளவினுட் சென்று தங்கி, பாறையின் நெருக்கத்தைத் தாங்கி நிற்கும் சிறுமணிகளோ எவர் கண்ணிலும் படுவதில்லை. சுரங்கந் தோண்டுவோர் மரத்தூண் நிறுத்திக் கூரைக்கு முட்டுக்கொடுப்பது போல, இம்மணிகள் பிளவுக்கு முட்டுக்கொடுக்கின்றன. ஆகவே இவற்றை முட்டுமணிகள் எனலாம். இவற்றின் வரலாற்றில் வலியது வென்றது என்பதினும் மலிவானது வென்றது என்பதே பொருந்தும். அம்மலிவுக்குரிய விலையைக் கொடுத்தோர் யாவர் என்பதும் அவ்வரலாற்றின் ஒரு பகுதியாகும்.

வெடிமருந்து கொண்டு கிணற்றடியைத் தகர்த்து எண்ணெய் ஓட்டத்தைப் பெருக்கும் முறை பழையது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1865ஆம் ஆண்டிலேயே எட்வேட் றொபேட்ஸ் என்பார் அதனைச் செய்து காட்டினார். வெடியினால் உண்டாவது தகர்வு. அது கிணற்றின் அருகோடு நின்றுவிடும். திரவத்தை மிகுந்த அழுத்தத்துடன் உட்செலுத்திப் பாறையைத் தொலைதூரம் பிளக்கலாம் என்ற எண்ணம் ஸ்ரனோலின்ட் நிறுவனத்து ஆய்வாளர் புளொயிட் பாரிஸ் என்பாரிடம் உருப்பெற்றது. 1947ஆம் ஆண்டில் கன்சாஸ் மாநிலத்து ஹியூகோட்டன் வாயுக்களத்தில் முதற் சோதனை நிகழ்ந்தது. தடிப்பாக்கப்பட்ட பெற்றோல் 1000 கலன், ஏறக்குறைய 2400 அடி ஆழத்திலுள்ள சுண்ணாம்புப் பாறையினுட் செலுத்தப்பட்டது. கிணற்றின் விளைவில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதும் காணப்படவில்லை.

1949ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 17ஆம் நாள் ஹலிபேட்டன் நிறுவனம் ஒக்லஹோமாவில் ஒன்றும் ரெக்சாஸில் ஒன்றுமாக இரு கிணறுகளில் இம்முறையை வாணிக நோக்குடன் கையாண்டது. அக்காலத்தில் ஒரு கிணற்றுக்குச் செலுத்தப்பட்ட மணல் 100 முதல் 150 இறாத்தல் வரையே. ஆற்றில் அள்ளிச் சலித்த மணல் அது. இரண்டு சாக்கிற் கொள்ளத்தக்க இச்சிறு பொருள் பிளவை மூடவிடாது தடுத்தது. முதலாண்டில் மட்டும் 332 கிணறுகள் இவ்வாறு செப்பஞ் செய்யப்பட்டன. அவற்றின் விளைவு சராசரியாக நூற்றுக்கு 75 வீதம் உயர்ந்தது.

எல்லா மணலும் இதற்கு உதவுமோ எனின், உதவாது. மாத்தளை மாவட்டத்து யட்டவத்தயைச் சூழ்ந்த மலைநாட்டை எடுத்துக்காட்டாகக் கொள்க. இம்மலைகள் வெப்பத்தாலும் நெருக்கத்தாலும் உருமாறிய மிகப் பழைய பாறைகளால் ஆனவை. இலங்கை நிலத்தின் பத்தில் ஒன்பது பங்கு இத்தகைய பாறையே. இது சிதைந்து உதிரும் மணலிற் படிகக்கல்லுடன் பெல்ஸ்பாரும் மைக்காவும் கலந்திருக்கும். மாத்தளையூடாகச் செல்லும் சுது கங்கை அம்பன் கங்கையிற் கலக்க, அது மகாவலியைச் சேர்ந்து கொட்டியாரக் குடாவை அடைகின்றது. அவ்வழி முழுவதும் உருண்டு சென்றாலும், ஓர் ஆற்றின் ஓட்டம் மணலின் கூர்முனைகளை முற்றாகத் தேய்த்துவிடப் போதாது. வீடு கட்டுவோர்க்கு இக்கூர்மை நன்று. சீமெந்து அதனைப் பற்றிக்கொள்ளும். கிணற்றடியிலோ அதுவே குற்றம். நெருக்கம் கூர்முனையிற் குவிகின்றது, முனை முறிகின்றது, முறிந்த தூள் மணிகளுக்கிடையேயுள்ள வெளியை அடைக்கின்றது. மணி பிளவைத் தாங்கினால் மட்டும் போதாது, தன்னைச் சுற்றி எண்ணெய் ஓட வழியும் விடல் வேண்டும். ஒரே அளவினவான உருண்டை மணிகளுக்கிடையே வெளி மிகுதி. ஆதலின் 0.42 மில்லிமீற்றர் முதல் 0.84 மில்லிமீற்றர் வரையுள்ள மணிகளைத் தனியே சலித்தெடுக்கும் வழக்கம் நிலைபெற்றது.

இத்தகைய மணலை இலினோய் மாநிலத்து ஒட்டாவா நகரின் அயலிற் கண்டனர். அங்குள்ள சென்ற் பீற்றர் மணற்கல் ஏறக்குறைய 46 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. ஒரு காலத்துப் பாறை சிதைந்து மணலாகி, அம்மணல் மீண்டும் பாறையாகி, அதுவும் சிதைந்து கடற்கரையிற் புரண்டு, காற்றிலும் அலையிலும் தேய்ந்தபின் எஞ்சியது தூய படிகக்கல் மட்டுமே. பெல்ஸ்பார் போன்ற மெலியன யாவும் அத்தேய்விற் கழிந்தன. ஆயினும் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 6000 இறாத்தலுக்கு மேற்பட்ட நெருக்கத்தில் இம்மணலும் நொறுங்கத் தலைப்படும்.

கிணறுகள் ஆழமாக ஆக, மணலினும் வலிய பொருளைத் தேடும் முயற்சி எழுந்தது. உருக்குக் குண்டுகள், அலுமினியத் துண்டுகள், கண்ணாடி மணிகள், உருட்டிய வாதுமைக் கொட்டை ஓடுகள் எனப் பலவும் பரீட்சிக்கப்பட்டன. கொட்டையோடு இதிற் சேர்ந்தது நகைப்புக்குரியதன்று. அது இலேசானது, நெருக்கத்தில் உடையாது நசுங்கும். 1970களின் பிற்பகுதியில் எக்ஸொன் நிறுவனத்து ஆய்வாளர் குளோட் குக் என்பார் போக்சைற்றை அரைத்து உருட்டி, சூளையிற் சுட்டு, கொரண்டம் செறிந்த மணிகளைச் செய்யும் வழியை வகுத்தார். மணல் தாங்காத ஆழங்களிலும் அவை தாங்கின. பொறியியல் நோக்கில் வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது. விலையோ மணலின் விலையைப் போற் பன்மடங்காயிற்று.

மணியைப் பிளவினுட் கொண்டுசெல்லும் ஊர்தியின் வரலாறும் இங்குக் கூறற்பாலது. வெறும் நீரில் மணல் அமிழ்ந்துவிடும். நீர் கூழ் போலத் தடித்திருந்தால் மிதந்து செல்லும். அத்தடிப்பைக் கொடுத்தது கொத்தவரை விதையின் பிசின். ஈழத்திலும் தமிழ்நாட்டிலும் கறிக்காகும் அதே கொத்தவரைதான். அதன் பிசினைப் போரேற்றுக் கொண்டு இறுகப் பிணைக்கும் முறைக்கு 1962ஆம் ஆண்டில் லொயிட் கேர்ன் என்பார் காப்புரிமை பெற்றார். உலகிற் கொத்தவரை விளைவின் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கு இந்தியாவில் விளைவது. அதிலும் பெரும்பகுதி இராசத்தானத்தின் வறண்ட நிலத்தில் விளைவது. இவ்வாறு தார்ப் பாலைவனத்து உழவனும் ரெக்சாஸ் நாட்டுக் கிணறும், ஒருவரையொருவர் அறியாமலே, ஒரே தொழிலிற் பிணைக்கப்பட்டனர்.

1997, 1998ஆம் ஆண்டுகளில் ரெக்சாஸிலுள்ள பாணற் எனும் களிப்பாறைப் படையில் மிச்செல் நிறுவனத்தார் செலவைக் குறைக்கும் பொருட்டுத் தடித்த கூழைக் கைவிட்டனர். வழுக்கும் இரசாயனஞ் சிறிது சேர்த்த நீரையே பெருவேகத்திற் செலுத்தினர். மணலை அந்நீர் நன்கு சுமக்கவில்லை. எனினும் கிணறு விளைந்தது; செலவு பெரிதுங் குறைந்தது. மணி உறுதியாகவும் இடைவெளி அகலமாகவும் இருத்தல் வேண்டும் என்று ஐம்பதாண்டுகள் கற்பித்த நூலோர்க்கு இது வியப்பாகவே இருந்திருக்கும். களிப்பாறையினுள் வாயு கசிவது மிக மெல்ல. ஆதலின் அங்கு ஒடுங்கிய வழியும் போதியதாயிற்று. பின்னர் மணலின் அளவு ஆண்டுதோறும் பெருகியது. சாக்கில் தொடங்கிய கணக்கு ஒரு கிணற்றுக்கு ஒரு கோடி இறாத்தலையும் கடந்தது. விஸ்கொன்சின் மாநிலத்து வெண்மணற் குன்றுகள் இதற்காக அகழப்பட்டுத் தொடருந்தில் ஏற்றப்பட்டன. 2017ஆம் ஆண்டில் மேற்கு ரெக்சாஸின் மணற்றிட்டைகளிற் புதிய அகழ்விடங்கள் திறக்கப்பட்டன. அம்மணல் வலிமையிற் குறைந்ததே. கிணற்றுக்கு அண்மையிற் கிடைத்தமையால் மலிவானது. விஸ்கொன்சினில் அகழ்விடங்கள் பல மூடப்பட்டன. சுட்ட மணிகளுக்குப் பெயர் பெற்ற காபோ செறமிக்ஸ் நிறுவனம் 2020ஆம் ஆண்டு மார்ச்சில் முறிவுப் பாதுகாப்பை நாடி நீதிமன்றஞ் சென்றது.

முதல் விலையைக் கொடுத்தோர் மணலை இறக்கி ஏற்றிய தொழிலாளர். படிகக்கல்லின் நுண்டூள் நுரையீரலிற் படிந்தால் அதனைத் தழும்பாக்கும். சிலிக்கோசிஸ் என்னும் அந்நோய்க்கு மருந்தில்லை. 2012ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அமெரிக்க அரசின் தொழிற்சுகாதார நிலையங்கள் ஓர் எச்சரிக்கை வெளியிட்டன. ஆராய்ந்த 11 இடங்களில் எடுத்த காற்று மாதிரிகளுள் நூற்றுக்கு 79 வீதமானவற்றில், தேசிய ஆய்வு நிலையம் விதந்துரைத்த அளவிற்கு மேல் அத்தூள் இருந்தது. மலை உடைப்போரும் கல் செதுக்குவோரும் நெடுங்காலமாக அறிந்திருந்த நோய், மலையே இல்லாத எண்ணெய்க் களத்தில் மீண்டும் தோன்றியது.

இரண்டாவது விலையை உழவர் கொடுத்தனர். எண்ணெய்க் கம்பனிகள் எதிர்காலத் தட்டுப்பாட்டை அஞ்சிப் பிசினை வாங்கிக் குவித்தமையால், 2012ஆம் ஆண்டு மார்ச்சில் கொத்தவரை விதை குவிண்டால் ஒன்று ஏறக்குறைய 30,000 ரூபாவை எட்டியது. முன்பேர வாணிகத்தை அரசு நிறுத்தவேண்டியதாயிற்று. 2013ஆம் ஆண்டு மே மாதத்திலேதான் அது மீளத் தொடங்கியது. சில்லோர் கடன் தீர்த்தனர். சில்லோர் வீடு கட்டினர். விதையைக் கண்ட உழவரெல்லாம் அடுத்த பருவத்தில் அதனையே விதைத்தனர். விளைவு பெருகிய வேளையில், கம்பனிகள் பிசினைக் குறைத்து வழுக்குநீரைக் கூட்டின; 2014ஆம் ஆண்டின் இறுதியில் எண்ணெயின் விலையும் வீழ்ந்தது. 2016 அளவிற் கொத்தவரையின் விலை உச்சத்தின் எட்டிலொரு பங்குக்குங் கீழே இறங்கிவிட்டது. விலை ஏறியதன் காரணமும் இறங்கியதன் காரணமும் அவ்வுழவரின் நிலத்திலோ உழைப்பிலோ இருக்கவில்லை.

தமிழ்நாட்டிற் காவிரிக் கழிமுகத்து உழவர் வேறு வழியிற் சென்றனர். 2017ஆம் ஆண்டில் நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் எண்ணெய், வாயுத் திட்டங்களுக்கு எதிராக மக்கள் கிளர்ந்தனர். 2020ஆம் ஆண்டு பெப்ரவரியில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் கழிமுகத்தைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கி, களிப்பாறை வாயு உள்ளிட்டவற்றின் புதிய அகழ்வைத் தடுத்தது.

இராசத்தானத்திலோ இரு தொழில்களும் ஒரே மாவட்டத்திற் சந்தித்தன. பார்மரிலுள்ள இராகேசுவரி ஆழ்வாயுக்களம் இறுகிய எரிமலைப் பாறையாலானது. பிளந்து முட்டுக்கொடுத்தாலன்றி அங்கு வாயு போதிய அளவில் வராது. ஆதலின் அக்களத்துக் கிணறுகளினுள் முட்டுமணிகள் செலுத்தப்பட்டன. மழையை நம்பிக் கொத்தவரை விதைக்கும் மாவட்டங்களுள் பார்மரும் ஒன்று.