லெனினுக்குப் பிறகு யார்? ஒரு செயலாளர் பதவியின் கதை



உயர்நிலை மூன்று மாணவர் ஒருவர் வரலாற்று வகுப்பை முடித்துவிட்டு நேராக என் தமிழ் வகுப்புக்கு வந்து உட்கார்ந்தார். "டீச்சர், ட்ரோட்ஸ்கிதானே பெரிய ஆள்? ராணுவமே அவர் கையில இருந்துச்சு. அப்புறம் எப்படி ஸ்டாலின் ஜெயிச்சாரு?" என்று கேட்டார். ஆங்கிலத்தில் நாலு காரணங்களை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார். ஆனால் கதை அவருக்குப் பிடிபடவில்லை. அன்று எடுக்க வேண்டிய பாடம் அப்படியே தடம் மாறிப்போனது. அன்று பேசியதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் உங்களிடம் ஒரு கேள்வி. நம் சங்கங்களில், கோயில் நிர்வாகக் குழுக்களில், செயலாளர் பதவிக்கு எத்தனை பேர் போட்டி போடுகிறார்கள்? தலைவர் பதவிக்கு ஆள் இருக்கும். செயலாளர் என்றதும் எல்லாரும் குனிந்து கைப்பேசியைப் பார்ப்பார்கள். அழைப்பு அனுப்ப வேண்டும், நிகழ்ச்சி நிரல் போட வேண்டும், கூட்டக் குறிப்பு எழுத வேண்டும், உறுப்பினர் பட்டியலைப் பார்த்துக்கொள்ள வேண்டும். யாருக்குங்க வேணும் இந்தத் தலைவலி?

1922 ஏப்ரல் 3ஆம் தேதி ஸ்டாலின் ரஷ்யக் கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளர் ஆனபோது, மற்ற தலைவர்களின் மனநிலையும் ஏறக்குறைய இதுதான். ட்ரோட்ஸ்கி செஞ்சேனையை உருவாக்கி உள்நாட்டுப் போரில் வென்றவர். பேசினால் கூட்டம் மயங்கும். ஸினோவியெவ் பெட்ரோகிராடு கட்சிக்கும் கம்யூனிஸ்ட் அகிலத்துக்கும் தலைவர். காமெனெவ் கையில் மாஸ்கோ. புகாரின் 'பிராவ்தா' ஆசிரியர். எல்லாரும் எழுத்தாளர்கள், பேச்சாளர்கள். கோப்புகளைப் பார்க்கும் வேலையை ஸ்டாலினிடம் விட்டுவிட்டார்கள்.

அந்தக் கோப்புகளில்தான் விஷயமே இருந்தது. மாகாணக் கட்சிச் செயலாளர்களை நியமிப்பதும் இடம் மாற்றுவதும் செயலகத்தின் வேலை. அந்த மாகாணச் செயலாளர்கள் சொல்கிற ஆட்கள்தான் மாநாட்டுக்குப் பேராளர்களாக வருவார்கள். பேராளர்கள் மத்தியக் குழுவைத் தேர்ந்தெடுப்பார்கள். மத்தியக் குழு பொதுச் செயலாளரைத் தேர்ந்தெடுக்கும். வட்டம் எங்கே தொடங்கி எங்கே வந்து முடிகிறது, பாருங்கள்.

அவர் பதவியேற்ற அடுத்த மாதமே, 1922 மே மாதம், லெனினுக்குப் பக்கவாதம் வந்தது. டிசம்பரில் மறுபடியும் தாக்கியது. இனி நேரமில்லை என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். டிசம்பர் 23ஆம் தேதியிலிருந்து, மருத்துவர்கள் அனுமதித்த சில நிமிடங்களில், செயலாளர்களிடம் சொல்லச் சொல்ல எழுதவைத்தார். ஆறு பேரை எடைபோட்டார். ஸ்டாலின் கையில் அளவில்லாத அதிகாரம் குவிந்திருக்கிறது, அதை எப்போதும் கவனமாகப் பயன்படுத்துவாரா என்பது சந்தேகம் என்றார். ட்ரோட்ஸ்கி திறமைசாலி, ஆனால் தன்னம்பிக்கை கொஞ்சம் அதிகம். ஸினோவியெவும் காமெனெவும் 1917 அக்டோபர் எழுச்சியை எதிர்த்தது தற்செயல் இல்லை. புகாரின் கட்சியின் செல்லப்பிள்ளை, ஆனால் முழு மார்க்சியவாதி என்று சொல்ல முடியாது. இளையவரான பியாடகோவையும் விடவில்லை. நம்மில் சிலர் எழுதும் மாணவர் மதிப்பீட்டு அறிக்கை மாதிரியே இருக்கிறது: எல்லாருக்கும் ஒரு பாராட்டு, ஒரு குட்டு, வாரிசு என்று யார் பெயரும் கிடையாது.

ஜனவரி 4ஆம் தேதி பின்குறிப்பு ஒன்று சேர்த்தார். அதில்தான் சுற்றி வளைக்காமல் பேசினார். ஸ்டாலின் முரட்டுத்தனமானவர், பொதுச் செயலாளர் பதவியில் இந்தக் குணத்தைப் பொறுத்துக்கொள்ள முடியாது, அவரை அங்கிருந்து மாற்ற வழி தேடுங்கள் என்றார். இதற்கு முன்பே ஸ்டாலின் லெனின் மனைவி க்ரூப்ஸ்காயாவைத் தொலைபேசியில் திட்டியிருந்தார். அது தெரியவந்ததும் 1923 மார்ச் 5ஆம் தேதி லெனின் கடிதம் எழுதினார்: மன்னிப்புக் கேளுங்கள், இல்லையென்றால் நம் உறவு முறிந்தது. சில நாட்களில் மூன்றாவது தாக்குதல் வந்தது. அதோடு அவர் பேச்சு போய்விட்டது.

1924 ஜனவரி 21ஆம் தேதி லெனின் இறந்தார். ட்ரோட்ஸ்கி உடல்நலம் தேற சுகுமிக்குப் போகும் வழியில் இருந்தார். சனிக்கிழமை இறுதிச்சடங்கு, நீங்கள் வந்து சேர முடியாது என்று ஸ்டாலினிடமிருந்து தகவல். சடங்கு நடந்ததோ ஞாயிற்றுக்கிழமை, 27ஆம் தேதி. ஏமாற்றிவிட்டார்கள் என்று ட்ரோட்ஸ்கி சுயசரிதையில் குமுறுகிறார். நம் ஊரில் இழவு வீட்டுக்கு வராதவரைப் பற்றி என்ன பேசுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அவர் வராத அந்த நாட்களில்தான், ஒரு காலத்தில் பாதிரிமார் பள்ளியில் படித்த ஸ்டாலின், வழிபாட்டு மந்திரம் போல் ஒவ்வொரு வரியிலும் லெனினுக்குச் சபதம் செய்து பேசினார்.

என் மாணவரின் கேள்விக்கு உண்மையான பதில் இருப்பது அடுத்த காட்சியில் என்று நினைக்கிறேன். 1924 மே மாதம், பதின்மூன்றாம் மாநாட்டுக்குச் சற்று முன்பு, க்ரூப்ஸ்காயா கடிதத்தைக் கட்சியிடம் ஒப்படைத்தார். மத்தியக் குழுவும் மூத்த பேராளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் காமெனெவ் அதை வாசித்தார். ஸ்டாலின் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அந்த நிமிடத்தில் அவரைக் கழற்றிவிட்டிருக்கலாம். ஆனால் ஸினோவியெவ் எழுந்து, லெனின் பயந்தது போல் எதுவும் நடக்கவில்லை, செயலாளர் நன்றாகத்தான் வேலை செய்கிறார் என்று பரிந்து பேசினார். காமெனெவும் அதே பக்கம். ஏன்? அவர்கள் பயந்தது ட்ரோட்ஸ்கிக்கு. படை கையில் உள்ளவன் நெப்போலியன் ஆகிவிடுவான் என்று பிரெஞ்சுப் புரட்சியின் வரலாற்றைப் படித்துவிட்டுப் பயந்தார்கள்! ட்ரோட்ஸ்கியோ வாயே திறக்கவில்லை. கடிதத்தை அச்சிட வேண்டாம், பேராளர் குழுக்களுக்குத் தனித்தனியாக வாசித்தால் போதும் என்று முடிவானது. தான் விலக முன்வந்ததாகவும், ட்ரோட்ஸ்கி, காமெனெவ், ஸினோவியெவ் உட்பட எல்லாருமே தன்னை இருக்கச் சொன்னார்கள் என்றும் 1927இல் ஸ்டாலினே சொல்லிக் காட்டினார்.

இந்தக் காட்சியை வகுப்பில் நடிக்கவைத்துப் பாருங்கள். ஆளுக்கு ஒரு பாத்திரம், கடிதத்தின் சாரத்தை உங்கள் சொந்தத் தமிழில் ஒரு பக்கம். என் வகுப்பில் காமெனெவாக நடித்த பையன் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "எனக்குத் தேவைப்படும்போது வாசிக்கிறேன்" என்றான். நிஜக் காமெனெவுக்கு அந்த யோசனை இல்லை.

பிறகு நடந்தது வேகமாக நடந்தது. 'லெனின் சேர்க்கை' என்ற பெயரில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய உறுப்பினர்கள் ஏற்கெனவே கட்சிக்குள் வந்திருந்தார்கள். பட்டியல் செயலகத்தின் கையில். 1925 ஜனவரியில் ட்ரோட்ஸ்கி ராணுவப் பொறுப்பை இழந்தார். அதே ஆண்டு டிசம்பர் மாநாட்டில் காமெனெவ் எழுந்து, ஸ்டாலினால் கட்சியை ஒன்றுபடுத்த முடியாது என்று வெளிப்படையாகவே சொன்னார். கூடியிருந்தவர்கள் கத்தி அமர்த்தினார்கள். அந்தப் பேராளர்களை யார் அனுப்பியது என்பதை மேலே பார்த்தோம். 1926இல் ஸினோவியெவும் காமெனெவும் போயும் போயும் ட்ரோட்ஸ்கியுடனேயே கைகோத்தார்கள். ஆனால் கட்சிக்குள் தனி அணி கூடாது என்று 1921இல் தடை வந்திருந்தது. தடையைக் கொண்டுவந்தவர் லெனின். அன்று ஆதரித்தவர்களில் இவர்களும் உண்டு. 1927 நவம்பரில் ட்ரோட்ஸ்கியும் ஸினோவியெவும் கட்சியை விட்டு நீக்கப்பட்டார்கள்.

அதுவரை ஸ்டாலினுக்குத் துணை நின்ற புகாரின், தானிய விவகாரத்தில் அவரோடு முரண்பட்டபின், 1928 ஜூலையில் ரகசியமாகக் காமெனெவைப் போய்ப் பார்த்தார். ஸ்டாலினைச் செங்கிஸ்கானோடு ஒப்பிட்டுப் புலம்பினார். நாலு வருஷம் பிந்திய புலம்பல். 1929 நவம்பரில் அவரும் அரசியல் குழுவிலிருந்து வெளியே.

ஸினோவியெவும் காமெனெவும் 1936இல் சுடப்பட்டார்கள். பியாடகோவ் 1937இல், புகாரின் 1938இல். ட்ரோட்ஸ்கியை 1940 ஆகஸ்டில் மெக்சிகோவில் கோடாரியால் தாக்கிக் கொன்றார்கள். ஸ்டாலின் 1953இல் நோயில் இறந்தார். லெனினின் கடிதம் சோவியத் நாட்டில் எல்லாரும் படிக்கும்படி அச்சில் வந்தது 1956இல். அதில் பெயர் வந்த ஆறு பேரில் ஒருவர்கூட அப்போது உயிரோடு இல்லை.