ரத்தக் கொழுப்பும் நீரிழிவு விழித்திரை நோயும்

நீரிழிவு விழித்திரை நோய் என்பது, ரத்தத்தில் சர்க்கரை நெடுநாள் மிகுந்திருப்பதால் விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பழுதடையும் நிலை. நீரிழிவு நீடித்த ஆண்டுகள், சர்க்கரையின் அளவு, ரத்த அழுத்தம் ஆகியவை இதன் முதன்மைக் காரணிகள் என்பதில் ஐயமில்லை. ரத்தக் கொழுப்பை எந்த இடத்தில் வைப்பது என்பதில்தான் சிக்கல்.

கொழுப்பின் தடயத்தை மருத்துவர் நேரிலேயே பார்க்கிறார். சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்து நோக்கும்போது, விழித்திரையில் விளிம்பு தெளிவான மஞ்சள் திட்டுகள் தெரியும். மெழுகு சிந்தியது போலிருக்கும் இவற்றுக்கு வன்கசிவுகள் என்று பெயர். குழாய்ச் சுவர் தளர்ந்ததும் ரத்தத்தின் நீர்மப் பகுதி வெளியே கசிகிறது. நீர் மெல்ல உறிஞ்சப்பட்டுவிடும். அதோடு வந்த கொழுப்புப் புரதம் அங்கேயே தங்கிவிடும். கசியும் இடத்தைச் சுற்றி இத்திட்டுகள் பல நேரம் வளையமாக அமைவது இதனால்தான். கூர்ந்த பார்வைக்குரிய மாகுலாவின் நடுவில் படிந்தால் எழுத்தைப் படிப்பதே கடினமாகும். அங்கே தழும்பு விழுந்துவிட்டால், வீக்கம் வடிந்த பிறகும் பார்வை மீள்வது அரிது.

கொலஸ்டிரால் மிகுந்தவர்களுக்கு வன்கசிவுகள் கூடுதலாக இருப்பதை அமெரிக்காவின் விஸ்கான்சின் ஆய்வும், 1996இல் வெளியான மற்றொரு பெரிய ஆய்வும் காட்டின. பின்னதில், தொடக்கத்திலேயே கொலஸ்டிரால் உயர்ந்திருந்தவர்களிடம் வன்கசிவு இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்கு. சென்னையில் நடந்த க்யூர்ஸ் கண் ஆய்வு (2006) மொத்தக் கொலஸ்டிரால், டிரைகிளிசரைடு என்ற மற்றொரு ரத்தக் கொழுப்பு ஆகியவற்றுக்கும் விழித்திரை நோய்க்கும் தொடர்பு கண்டது. ஆனால் எல்லா ஆய்வுகளும் ஒத்துப்போகவில்லை. கொழுப்பு கசிவைப் பெருக்குகிறது என்று சொல்ல வலுவான சான்று உண்டு. நோயையே அது தொடங்கி வைக்கிறது என்று சொல்லும் அளவுக்கு இல்லை.

வியப்பான திருப்பம் ஃபீனோஃபைப்ரேட் என்ற மருந்தால் வந்தது. டிரைகிளிசரைடைக் குறைக்கத் தரப்படும் பழைய மாத்திரை இது. 9,795 பேர் பங்கேற்ற ஃபீல்டு ஆய்வில் (2007), இம்மருந்து எடுத்தவர்களில் 3.4 விழுக்காட்டினருக்கும் மற்றவர்களில் 4.9 விழுக்காட்டினருக்கும் லேசர் சிகிச்சை தேவைப்பட்டது. அக்கார்டு கண் ஆய்வில் (2010), கொலஸ்டிராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்தோடு இதையும் சேர்த்துக்கொண்டவர்களில் 6.5 விழுக்காட்டினருக்கும், ஸ்டாட்டின் மட்டும் எடுத்தவர்களில் 10.2 விழுக்காட்டினருக்கும் நோய் முற்றியது. 2024இல் வெளியான ஸ்காட்லாந்தின் லென்ஸ் ஆய்வும் இதே திசையில் நின்றது. ஆயினும் ஃபீல்டு ஆய்வில் லேசர் தேவைப்பட்டவர்களுக்கும் படாதவர்களுக்கும் ரத்தக் கொழுப்பு அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கொழுப்பு மாத்திரை கண்ணைக் காத்தது, கொழுப்பைக் குறைத்ததால் அல்ல போலும்! விழித்திரைச் செல்களில் அழற்சியைத் தணிப்பது போன்ற வேறு வழிகளில் அது செயல்படுவதாகக் கருதப்படுகிறது. ஆஸ்திரேலியா 2013இல் இதை, இரண்டாம் வகை நீரிழிவில் ஏற்கெனவே உள்ள விழித்திரை நோயின் வேகத்தைக் குறைக்க அங்கீகரித்தது. இம்மருந்து ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவை உயர்த்தக்கூடும் என்பதால், சிறுநீரகச் செயல்பாட்டைச் சோதிக்காமல் தருவதில்லை.

ஸ்டாட்டின்கள் மாரடைப்பைத் தடுப்பதில் நிலைபெற்றவை. விழித்திரையில் அவற்றின் பயன் அந்த அளவுக்கு நிறுவப்படவில்லை.

கொழுப்புப் பரிசோதனை முடிவு நன்றாக இருந்தாலும் கண் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. இரண்டாம் வகை நீரிழிவு உறுதியானதுமே முதல் பரிசோதனையும், பிறகு பொதுவாக ஆண்டுக்கு ஒரு முறையும் தேவை. ஏனெனில் தொடக்க நிலையில் விழித்திரை நோய் வலியோ பார்வைக் குறைவோ தருவதில்லை.