வணிகரின் பணம் வீதிக்குத் திரும்பிய வரலாறு: மகமை முதல் மாநகராட்சி வரி வரை

விளாங்குடியில் திண்டுக்கல் சாலையை ஒட்டிக் கடை நடத்தும் ஒருவர் அரையாண்டுக்கு ஒருமுறை தொழில் வரியும், ஆண்டுக்கு ஒருமுறை உரிமக் கட்டணமும் செலுத்துகிறார். கட்டடத்தின் சொத்து வரியும் பெரும்பாலும் வாடகையின் வழியாக அவர்மீதே இறங்குகிறது. 2011 வரை இந்தப் பணம் விளாங்குடிப் பேரூராட்சியின் கணக்கில் சேர்ந்தது. அந்த ஆண்டில் மதுரை மாநகராட்சியின் வார்டுகள் 72இலிருந்து 100ஆக விரிந்தபோது, ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம் முதலிய ஊர்களோடு விளாங்குடியும் இணைந்தது. பணமும் மாநகரின் பொது நிதியில் கலக்கத் தொடங்கியது. வணிகரிடம் ஆண்டுதோறும் பெறும் பணத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் தொகை கூடுதலா குறைவா என்பதோடு நின்றுவிடுகிறது. மதுரை வட்டாரத்தின் வரலாற்றுச் சான்றுகளோ வேறொன்றைக் காட்டுகின்றன. தொகையை முடிவு செய்வோர், அதைக் கட்டுவோர், அது செலவாகும் இடம் ஆகிய மூன்றும் ஒன்றாக இருந்த காலத்தில் வணிகர் தாமே முன்வந்து கொடுத்தனர். மூன்றும் பிரிந்த பிறகே அது தண்டமாக உணரப்பட்டது என்பது இக்கட்டுரையின் வாதம்.

மதுரைக்கு வடகிழக்கே பிரான்மலைக் கோயிலில் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று உள்ளது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் பல ஊர்களிலிருந்து கூடி, தாம் கொண்டுசெல்லும் சரக்குகளின் மீது இவ்வளவு என்று தாமே விதித்துக்கொண்டு, அதைக் கோயில் திருப்பணிக்கு ஒதுக்கியதை அது பதிவு செய்கிறது. உப்பு, நெல், மிளகு, பாக்கு, பருத்தி, இரும்பு என்று பண்டவாரியாக விகிதம் வகுக்கப்பட்டிருக்கிறது. அரசன் கேட்டு வாங்கிய வரி அல்ல இது. வணிகர் கூடித் தம்மைத் தாமே கட்டுப்படுத்திக்கொண்ட ஏற்பாடு. இதே இயல்பை 19ஆம் நூற்றாண்டில் நாடார் வணிகரின் மகமையில் காண்கிறோம். விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை, சாத்தங்குடி, பாலையம்பட்டி, மதுரையை அடுத்த திருமங்கலம் ஆகிய ஆறு ஊர்களின் பேட்டைகளில் வண்டியும் சரக்கும் தங்கின. மூட்டைக்கு இவ்வளவு என்று பிடித்த மகமையை, ஊர்ச் சாதிச் சங்கமான உறவின்முறை நிர்வகித்தது. முறைகாரர்கள் பொறுப்பேற்று வசூலித்தனர். பேட்டையின் பராமரிப்பு, கிணறு, கோயில், பின்னர் பள்ளிக்கூடம் என்று பணம் செலவானது. விருதுநகரில் 1889இல் எழுந்த சத்திரிய வித்தியாசாலை இந்தப் பொதுப்பணமும் வீடுதோறும் எடுத்துவைத்த பிடி அரிசியும் சேர்ந்து வளர்த்த பள்ளி. காமராசர் படித்ததும் அங்கேதான். மூட்டைக்குக் கொடுத்தவர் அந்தக் கிணற்றையும் பள்ளியையும் தினமும் கண்ணால் பார்த்தார். கணக்குக் கேட்கும் இடமும் அவர் நடந்துபோகும் தூரத்தில் இருந்தது.

மதுரை நகரத்தின் கதை வேறு வழியில் சென்றது. 1840களையொட்டிய ஆண்டுகளில் ஆட்சியர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து அகழியைத் தூர்க்கச் செய்தார். அந்த வேலையில் பங்கெடுத்தோருக்கு அங்கே மனைகள் கிடைத்ததாக நகர வரலாறு கூறுகிறது. வெளி வீதிகளும், மாரட் வீதியும், பெருமாள் மேஸ்திரி வீதியும் அப்படி உருவானவை. வீதி சீராவதால் பயன்பெறுவோரே அதற்கான உழைப்பைத் தருவது என்ற கொள்கை, ஆங்கிலேய அதிகாரி ஒருவர் கையிலும் இவ்வளவு தூரம் பலித்திருக்கிறது. ஆனால் 1865ஆம் ஆண்டின் நகர முன்னேற்றச் சட்டம் அந்தக் கொள்கையைக் கைவிட்டது. அச்சட்டத்தின்கீழ் 1866இல் மதுரை நகராட்சி அமைந்தது. வீட்டு வரி, தொழில் வரி, வண்டி வரி, சுங்கம் எல்லாம் விதிக்க அதற்கு அதிகாரம் வந்தது. ஆனால் அந்த வருவாயிலிருந்து நகரக் காவல் செலவின் பெரும்பங்கைக் கொடுக்க வேண்டியிருந்தது. ஆக, முன்னேற்றத்தின் பெயரால் வாங்கிய முதல் வரியே கடைக்காரர் வீதிக்கு வராமல் வேறிடம் போனது. 1871இல் காவல் சுமை நீங்கியது. 1884, 1920ஆம் ஆண்டுச் சட்டங்கள் தேர்தலையும் அதிகாரத்தையும் விரிவாக்கின. ஆயினும் ஒரு வீதியில் வசூலான பணத்தின் ஒரு பங்காவது அந்த வீதிக்குத் திரும்ப வேண்டும் என்ற விதி எழுதப்படவே இல்லை.

விடுதலைக்குப் பிறகு, கொடுக்கும் பணத்துக்கும் பெறும் சேவைக்கும் இடையிலான இந்தப் பிளவைச் சட்டமொழியில் விளக்கியது, சீரூர் மடம் தொடர்பாக 1954இல் உச்ச நீதிமன்றம் சென்னை மாநில வழக்கொன்றில் அளித்த தீர்ப்பு. கட்டணம் என்றால் கொடுத்தவருக்கு அதற்கு ஈடான சேவை இருக்க வேண்டும், பணம் தனியே வைக்கப்பட வேண்டும். பொதுக் கருவூலத்தில் கலந்தால் அது வரி என்று நீதிமன்றம் கூறியது. 1964இல் கல்கத்தா லிபர்ட்டி திரையரங்க வழக்கிலோ, ஆண்டுக்கு 400 ரூபாயாக இருந்த உரிமக் கட்டணத்தை 6,000 ரூபாயாக மாநகராட்சி உயர்த்தியதை அதே நீதிமன்றம் வரி என்று வகைப்படுத்தி ஏற்றுக்கொண்டது. பெயர் கட்டணமாகவே இருந்தாலும் சேவை தர வேண்டிய கடமை நழுவிவிடலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. தொழில் வரியை அரசியலமைப்பின் 276ஆம் பிரிவு ஆண்டுக்கு 250 ரூபாய் என்று வரம்பிட்டது. 1988இல் 60ஆவது திருத்தம் அதை 2,500 ஆக்கியது. அதன்பின் வரம்பு அப்படியே நிற்கிறது. உள்ளாட்சிக்கு வருவாய் போதவில்லை, வணிகருக்குச் சேவை தெரியவில்லை என்று இரு தரப்புக்கும் குறை மிஞ்சியது.

வெளிநாட்டு அனுபவம் ஒன்று இங்கே உதவும். கனடாவின் டொராண்டோ நகரில் புளோர் வெஸ்ட் வில்லேஜ் கடைவீதி, சுரங்க ரயிலும் புதிய வணிக வளாகங்களும் வாடிக்கையாளரை இழுத்துக்கொண்டதால் நலிந்தது. விரும்பியவர் மட்டும் கொடுத்த நன்கொடை போதவில்லை. கொடுக்காதவரும் அதன் பயனை அனுபவித்தார். எனவே வணிகர்களே கேட்டுச் சட்டம் பெற்று, 1970இல் எல்லைக்குட்பட்ட எல்லாக் கடைகளுக்கும் ஆண்டுக் கட்டணம் விதித்தனர். வசூல் நகராட்சி வேலை, செலவு வணிகர் வாரியத்தின் முடிவு. பிரான்மலைக் கல்வெட்டைப் படித்தவருக்கு இது புதுமையாகத் தோன்றாது.

மதுரையிலும் வணிகர் தம் வீதிக்கென்று இப்படியொரு வீதிக்கட்டணத்தை விதித்துக்கொள்ளலாம் என்றால், அதற்கு எதிரான வாதங்களை எளிதாகத் தள்ள முடியாது. மகமை சாதி எல்லைக்குள் இயங்கியது, உறவின்முறையை மீறியவருக்கு ஊரில் இடமில்லை என்பது உண்மை. அதன் கட்டாயத்தை மூடிமறைத்துப் புகழக் கூடாது. ஆனால் மகமையில் எடுத்துக்கொள்ள வேண்டியது சாதிக் கட்டுப்பாட்டை அல்ல, கணக்கின் அருகாமையை. அந்த அருகாமையைச் சாதி கடந்த சட்டத்தால் உருவாக்க முடியும். இரண்டாவது தடை இன்னும் கனமானது: நகர மையத்து மாசி வீதிகளின் பணம் அந்த வீதிகளிலேயே தங்கினால், விளாங்குடி போன்ற ஓரத்து ஊர்கள் என்ன ஆகும்? மாநகரம் என்பதே செழித்த பகுதி மெலிந்த பகுதியைத் தாங்குவது அல்லவா? இந்த அச்சம் நியாயமானது. எனவேதான் சொத்து வரியும் தொழில் வரியும் பொதுவிலேயே இருக்க வேண்டும். வீதிக்கட்டணம் அவற்றுக்கு மாற்றாக அமையக் கூடாது. மூன்றாவதாக, இது இரட்டை வரி, கடைசியில் சுமை வாடிக்கையாளர் மீதே விழும் என்பார்கள். விழத்தான் செய்யும், மகமையும் சரக்கின் விலையில்தான் ஏறியது. வாடிக்கையாளரிடம் அறச்செலவுக்கென்று தனியே வாங்கும் பணம் வணிகரின் வருமானமாகாது என்று பிஜ்லி பருத்தி ஆலை வழக்கில் உச்ச நீதிமன்றமும் ஏற்றது. அப்படியானால் கணக்குக் கேட்கும் உரிமை கடைக்காரருக்கு மட்டுமல்ல, அந்த வீதியில் பொருள் வாங்குவோருக்கும் நடைபாதை வியாபாரிக்கும் உண்டு.

சட்ட ஆதாரமின்றி எந்த வரியும் விதிக்கக் கூடாது என்று 265ஆம் பிரிவு சொல்வதால், வணிகர் சங்கங்கள் தாமே அதைத் தண்டிவிட முடியாது. சட்டமன்றம் வழி செய்ய வேண்டும். அதற்கு முன்பாகவே மாநகராட்சி செய்யக்கூடிய ஒன்று உண்டு. விளாங்குடி வார்டில் ஆண்டுதோறும் வசூலாகும் தொழில் வரி எவ்வளவு, உரிமக் கட்டணம் எவ்வளவு, அந்த வார்டின் சாலைக்கும் வடிகாலுக்கும் விளக்குக்கும் செலவானது எவ்வளவு என்று ஒரு பலகையில் எழுதி வார்டு அலுவலக வாசலில் வைக்க வேண்டும். புதிய கட்டணம் பற்றி வணிகரிடம் பேசுமுன் அந்தக் கணக்கை மாநகராட்சி அவர்கள்முன் வைக்கட்டும்.