பூனையின் குருதி கூறும் செய்தி



நுவரெலியா, ஹற்றன் பகுதித் தேயிலைத் தோட்டங்களில், லயன் காம்பராவின் அடுப்பருகே குளிர்காயும் பூனை, வீட்டு அரிசியை எலியிடமிருந்து காக்கும் காவலாளியுமாகும். அது உணவை வெறுத்து, உடல் மெலிந்து, வயிறு மட்டும் பருத்து மாண்டுபோனால், நஞ்சிட்டார் யாரோ என அயலாரை ஐயுறத் தோன்றும். ஆயினும், இவ்வாறு கொல்லும் நோயொன்று உண்டு.

1963ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்டன் நகர மிருக வைத்தியர் ஜீன் ஹோல்ஸ்வேர்த் அம்மையார் இந்நோயை விவரித்தெழுதினார். வயிற்றுச் சவ்வை அழற்சியுறச் செய்து நீர்கோக்க வைக்கும் இதற்குக் காரணம் ஒரு கொரோனா வைரசு எனப் பின்னர் தெளிவாயிற்று. இவ்வைரசு பூனைகளின் மலத்தால் பரவுவது, மனிதரைத் தொற்றுவதன்று. பெரும்பாலான பூனைகளின் குடலில் இது தீங்கின்றித் தங்கும். சிலவற்றின் உடலில் மட்டுமே உருமாறிக் கொடியதாகின்றது.

இங்கேதான் வைத்தியருக்குச் சிக்கல் எழுந்தது. குருதியில் வைரசுக்கான எதிர்ப்பொருள் இருப்பினும், அது சாதுவான தொற்றையோ கொடியதையோ பிரித்துக் காட்டாது. ஆகவே அதனை மட்டும் நம்பி மரணத் தீர்ப்பளித்தல் தவறாகும்.

எனவே ஆய்வாளர் குருதிப் புரதங்களை நோக்கினர். இந்நோயில் அல்புமின் குறையும், குளோபியூலின் பெருகும். முன்னதைப் பின்னதால் வகுத்து வரும் எண் 0.4க்குக் கீழிறங்கினால் ஐயம் வலுக்கும், 0.8ஐத் தாண்டினால் நோய் இருத்தல் அரிது. அழற்சியின்போது பெருகும் அல்பா-1 அமில கிளைகோபுரதமும் நோயறிதலுக்கு உதவுமென 1997இல் கிளாஸ்கோ ஆய்வாளர் காட்டினர். எனினும், இவற்றுள் எதுவும் தனித்து நின்று நோயை உறுதிசெய்யாது.

அந்நாளில் நோயை அறிந்தும் பயனில்லை, மருந்தில்லை. 2019இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் நீல்ஸ் பெடர்சன் குழுவினர் ஜி.எஸ். 441524 என்னும் மருந்தை 31 பூனைகளுக்கு ஊசியால் ஏற்றினர். அவற்றுள் 25 நெடுநாள் பிழைத்தன. சிகிச்சைக்காலம் குறைந்தது 12 வாரம். நோய் திரும்பியவற்றுக்கு மீண்டும் மருந்தேற்ற வேண்டியதாயிற்று.

அன்றுமுதல் அதே எண்களுக்குப் புதுப் பொருள் பிறந்தது. முன்னர்ச் சாவை அறிவித்த புரதங்கள், இன்று வாரந்தோறும் சீர்பட்டு வருகையில் குணத்தை அறிவிக்கின்றன. மீண்டும் பிறழ்ந்தால் நோய் திரும்புவதை எச்சரிக்கின்றன.

நாட்கூலியில் வாழும் குடும்பத்துக்கு அம்மருந்து எட்டாததாயிருக்கலாம். ஆயினும், அல்புமினையும் குளோபியூலினையும் அளப்பது சாதாரண ஆய்வுகூடத்திலும் இயலும். வயிறு பருத்த பூனையைக் கண்டால், அயலாரைப் பழிக்குமுன் மிருக வைத்தியரை நாடுவோமாக.